முன்பல்லில் ஒரு கோடு

எங்கள் பட்டறைக்கு ஆள் வருவதில்லை, வாய் மட்டும்தான் வரும். பல் டாக்டர்கள் யார் யார் வாயிலோ அச்செடுத்து, ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால் ஓர் ஆளின் வாய் எங்கள் மேசைமேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாய்க்குச் சொந்தக்காரர் நீதிபதியா, கோழிக்கடைக்காரரா என்பது எங்களுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் மெல்லுகிறார், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாரா என்பது தெரியும். பல் செட் கட்டி அனுப்பிவிட்டால் அந்த வாயோடு எங்கள் உறவு முடிந்தது.

நான் அங்கே மெருகு போடுகிறவள். சுழலும் துணிச்சக்கரத்தில் பியூமிஸ் தூளைக் குழைத்துத் தடவி, சொரசொரவென்று வரும் செட்டைக் கண்ணாடிபோல ஆக்குவது என் வேலை. எரிமலைக் கல்லை அரைத்த சாம்பல்நிறத் தூள் அது. பதினெட்டு வருஷமாக நான் தின்ற சோற்றில் பாதி அந்தத் தூள்தான். என் வாயில் இருப்பதும் எங்கள் பட்டறைச் சரக்கே என்பதால், எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று யாராவது குறைப்பட்டால் முதலாளியிடம் அனுப்பிவிடுவேன்.

எனக்கு அடுத்த மேசைக்காரி மெழுகில் பல் அடுக்குகிறவள். அதனால் அவளுக்குப் பெயரே மெழுகு என்று ஆகிவிட்டது. அவள் வீட்டுக்காரர்கூடப் பட்டறைக்குப் போன் செய்தால், “மெழுகு இருக்காளா?” என்றுதான் கேட்பார். அவர் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர், பேச்சில் கெட்டிக்காரர் இல்லை. ஆனால் மெழுகுக்கு இருந்த கண் யாருக்கும் கிடையாது. பல்லின் நிறம் பார்க்க ‘ஷேடு கைடு’ என்று ஒரு பட்டை இருக்கும். பதினாறு விதமான வெள்ளையில் பதினாறு பல் அதில் வரிசையாக நிற்கும். அவளுக்கு அது வேண்டியதில்லை. பஸ்ஸில் எதிரே ஒருவர் கொட்டாவி விட்டால் என் காதில், “ஏ மூணுக்கா” என்று நிறத்தின் எண்ணைச் சொல்லிவிடுவாள்.

பட்டறைக்கு வருவதற்கு முன்னால் மூன்று வருஷம் கடல் தாண்டி ஒரு தொழிற்சாலையில் இருந்தவள் அவள். மகள் சிட்டுவை ஒன்பது மாதக் குழந்தையாக விட்டுவிட்டுப் போனாள். வளர்த்தது நாத்தனார். அவள் புருஷனின் அக்கா, அடுத்த தெருவில் வீட்டிலேயே துணி இஸ்திரி போட்டுக் கொடுக்கிறவள். நாத்தனாருக்கும் அதே வயதில் ஒரு பையன், சிட்டுவைவிட ஒரு மாதம் மூத்தவன். பிறந்தபோதே கொழுகொழுவென்று இருந்ததால் அவன் தடியன். இரண்டையும் இரண்டு இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அந்த மனுஷி வளர்த்திருக்கிறாள்.

அந்த மூன்று வருஷத்தைப் பற்றி மெழுகு அதிகம் பேச மாட்டாள். ஒரே ஒரு கதை மட்டும் வாரம் தவறாமல் வரும். வெள்ளிக்கிழமைதான் அங்கே போன் பேச விடுவார்களாம். சிட்டுவுக்குப் பதினாலு மாதம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை, போனில் “அம்மா” என்றாளாம். அதுவும் இரண்டு தடவை.

“நான் போட்ட சத்தத்துல அறையில இருந்த ஆறு பேரும் எழுந்து உக்காந்துட்டாங்கக்கா. எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் குடுத்தேன்.”

“ஏழாவது மிட்டாய் எனக்கு எங்க?” என்று நான் கேட்பேன். சிரிப்பாள். ஆனாலும் எனக்குத் தெரியும். பெற்றது மட்டும்தான் நீ, மற்றதெல்லாம் வேறொருத்தி என்று யாராவது ஒருநாள் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பயம். ‘இல்லை, அவள் முதலில் கூப்பிட்டது என்னைத்தான்’ என்று சொல்ல அவளுக்கு அந்த வெள்ளிக்கிழமை இருந்தது.

சிட்டுவுக்கு எட்டு வயதான அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. மூட்டையிலேயே பிளாஸ்டர் கட்டி தட்டியது, ஊற்றிய அச்சு காய மறுத்தது. முதலாளி வானத்தைத் திட்டினார், பிறகு எங்களைத் திட்டினார். அந்த மழையில்தான் சிட்டுவுக்கு மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் முழுதாக இறங்கின. கடிக்கும் முனைக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு பல்லிலும் ஒரே உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு. விரல் வைத்தால் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம்.

ஊருக்கே பல் அடுக்குகிறவள் மகளுக்கு முன்பல்லில் கறை என்றால் சும்மா இருப்பாளா? கோபம் நேராக நாத்தனார்மேல் போனது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை அங்கேதான் போகும்.

“மிட்டாயா வாங்கிக் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்காங்கக்கா. எதக் கேட்டாலும் ‘புள்ள ஆசைப்பட்டுச்சு’ம்பாங்க.”

“தடியனும் அதே மிட்டாயத்தானே திங்கிறான்? அவன் பல்லு எப்படி இருக்கு?”

அவள் மெழுகை உருக்கும் விளக்கை அணைத்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, உங்க தூள் கொஞ்சம் குடுங்களேன். நைசாப் பாத்து.”

எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்து, “மெதுவாத் தேய்” என்று புத்திமதி வேறு சொன்னேன். பொய்ப்பல்லைத் தொட்டே பழகிய எங்களுக்கு உயிருள்ள பல்லும் தேய்த்தால் வெளுக்கும் பண்டமாகத்தான் தெரிந்தது. வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

பத்து நாள் காலையும் மாலையும் தேய்த்திருக்கிறாள். கோடு போகவில்லை. பதினோராம் நாள் காலையில் சிட்டு வாய் கொப்பளித்த தண்ணீரைத் துப்பிவிட்டு வீல் என்று கத்தினாள். அதற்குப் பிறகு தண்ணீரைச் சுடவைத்துத்தான் குடித்தாள். பேசும்போது உதட்டால் பல்லை மூடிக்கொண்டாள். சிரிப்பு நின்றுபோனது.

எங்களுக்கு அச்சு அனுப்பும் டாக்டரம்மாவிடம் போனோம். என் தூள் செய்த வேலை என்பதால் நானும் கூடப் போனேன். மெழுகின் வீட்டுக்காரர் நனைந்த மழைக்கோட்டோடு கதவோரம் நின்றார்.

டாக்டரம்மா விளக்கைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

“யாரு இதப் போட்டுத் தேச்சது?”

நானும் மெழுகும் பள்ளிப் பிள்ளைகள்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம்.

“ஏற்கனவே மேல்பூச்சு மெலிசா இருக்கற இடம். அதையும் சுரண்டிட்டீங்க. காத்து பட்டாலே கூசும். இது கறை இல்லம்மா.”

“அப்போ என்ன டாக்டர்? மிட்டாயா?”

“மிட்டாயும் இல்ல. கீழ விழுந்து அடிபட்டிருந்தா ஒரு பல்லுலதான் இருக்கும். தண்ணி சரியில்லன்னா பல்லு முழுக்கத் திட்டுத் திட்டா இருக்கும். இங்க பாருங்க, மேல ரெண்டு, கீழ நாலு, கடைவாய்ப் பல்லுலயும் இருக்கு. எல்லாத்துலயும் ஒரே கோடு. எல்லாம் ஒரே சமயத்துல நின்னிருக்கு.”

“என்ன நின்னிருக்கு?”

“பிள்ளை தவழ்ந்துக்கிட்டு இருக்கும்போதே இந்தப் பல்லெல்லாம் ஈறுக்குள்ள தயாராயிக்கிட்டு இருக்கும். எனாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாப் படியும். உடம்புக்குப் பெரிசா ஏதாச்சும் வந்துட்டா, உயிரக் காப்பாத்திக்கறதே பெரும்பாடு. அப்போ இந்த வேலை நின்னுடும். தேறின அப்புறம் விட்ட இடத்துலேர்ந்து தொடங்கும். ஆனா நின்ன இடம் பள்ளந்தான்.”

“பின்னால அது ரொம்பிடாதா?” என்று கேட்டேன்.

“தோலு வளரும், எலும்பு கூடும். எனாமல் மட்டும் மறுபடி வராது. அதப் போடுற செல்லுங்க பல்லு வெளிய வர்றதுக்கு முன்னாடியே போயிடும்.” மெழுகின் பக்கம் திரும்பினார். “கோடு இருக்கற உயரத்தப் பாத்தா, ஒரு வயசுக்கும் ஒன்றரை வயசுக்கும் நடுவுல. அப்போ கடுமையான காய்ச்சல், வயித்துப்போக்கு, பல நாள் ஆஸ்பத்திரி, அப்படி ஏதாச்சும் இருந்துதா?”

“ஒண்ணுமே இல்ல டாக்டர். நான் அப்போ ஊருல இல்ல. ஆனா வாராவாரம் பேசுவேன். ஒரு தும்மல்கூட இல்ல.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“இல்ல டாக்டர். அவரக் கேளுங்க.”

அவரைத் திரும்பிப் பார்த்தோம். முகத்தில் ஈயாடவில்லை. மழைக்கோட்டின் பொத்தானைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். மெழுகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தேய்த்துப் புண்ணான ஈறு ஆறட்டும், மூன்று வாரம் கழித்து வாருங்கள், பள்ளத்தை வெள்ளைப் பூச்சால் மூடிவிடலாம், இல்லாவிட்டால் சொத்தை பிடித்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அங்கிருந்து நேராக நாத்தனார் வீட்டுக்குத்தான் போனோம். நீ எதற்குப் போனாய் என்றால், என் கையைப் பிடித்திருந்தவள் விடவில்லை.

மழைக்காலத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் யார் யாருடைய சட்டைகளோ முகத்தில் ஈரமாகத் தட்டும். அறைக்குக் குறுக்கே நாலு கயிறு. துணி காயாததால் இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்துக்கொண்டிருந்தாள் நாத்தனார். அறை முழுக்க நீராவி.

“வாங்க, வாங்க. என்ன சொன்னாங்க டாக்டரு? டீ போடட்டுமா? ரொட்டி இருக்கு, சிட்டு வெறும் வயித்தோடவா போனா?”

சிட்டு ஓடிப்போய் அவள் புடவைக்குள் முகத்தைப் புதைத்துவிட்டு, தடியனைத் தேடிப் பின்கட்டுக்குப் போனாள்.

மெழுகு உட்காரவில்லை. “அண்ணி, சிட்டுவுக்கு ஒரு வயசுல என்ன வந்துச்சு?”

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “பல்லுல தெரியுதாம்க்கா” என்றார்.

“பல்லுலயா?”

“ஆமா.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, யாருடைய சட்டையையோ நிதானமாக மடித்தாள் நாத்தனார்.

“வயித்துப்போக்குலதான் ஆரம்பிச்சுது. அப்புறம் காய்ச்சல். மூணாம் நாள் கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு. தூக்கினா துணி மாதிரி தொங்குறா. ஆஸ்பத்திரியில கையில நரம்பே கிடைக்கல, தலையில முடிய வழிச்சுட்டுக் குத்தினாங்க.”

“எத்தனை நாள்?”

“இருபத்து மூணு.”

“ஏன் எனக்குச் சொல்லல?”

“நான்தான் வேண்டாம்னேன்,” என்றார் மெழுகின் வீட்டுக்காரர். “மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்த. பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரங்க கையில. சொன்னாலும் உன்னால வர முடியாது. வர முடியாத எடத்துல உக்காந்துக்கிட்டு...”

“வர முடியுமா முடியாதான்னு நான் பாத்திருப்பேன்.”

“ஏம்மா, தனியா அங்க என்ன பண்ணியிருப்ப?” என்றாள் நாத்தனார். “செவுத்துலயா முட்டிக்குவ? இங்க நான் ஒருத்தி முட்டிக்கிட்டது போதாதா?”

ஈரச்சட்டை ஒன்றின் கைப்பகுதி மெழுகின் தோளில் விழுந்து கிடந்தது, அதைத் தள்ளக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. பிறகு கேட்டாள்.

“இருபத்து மூணு நாள்னா மூணு வெள்ளிக்கிழமை வந்திருக்கும். மூணு வெள்ளியும் நான் பேசினேனே.”

நாத்தனார் மடித்த சட்டையைக் கூடையில் வைத்தாள்.

“சொல்லுங்க அண்ணி. நான் யாரோட பேசினேன்?”

“மொத வெள்ளி தூங்குறான்னு சொல்லிட்டோம். ரெண்டாவது வெள்ளி நீ விடல. சத்தமாச்சும் கேக்கணும்னு அழுத. தம்பி ஆஸ்பத்திரியில இருந்தான், நான் துணி மாத்த வீட்டுக்கு வந்திருந்தேன். எனக்கு வேற வழி தெரியல. தடியன் காதுல போன வெச்சேன்.”

“அப்போ ‘அம்மா’ன்னு சொன்னது?”

“அவன்தான். என் மூஞ்சியப் பாத்துச் சொன்னான்.”

பின்கட்டில் பிள்ளைகள் இரண்டும் தண்ணீரைத் தெளித்து விளையாடின. மெழுகு அந்தப் பக்கம் பார்த்தாள்.

“அப்போ எம் புள்ள எப்போ சொன்னா?”

“விடும்மா.”

“எப்போ சொன்னா?”

நாத்தனாருக்குக் கண் நிரம்பிவிட்டது. “ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து நாலஞ்சு நாள் கழிச்சு. என்னத்தான் கூப்பிட்டா. தடியனப் பாத்துக் கத்துக்கிட்டா போல. நான் ஒத்துக்கலம்மா, சத்தியமா ஒத்துக்கல. ‘அத்தை சொல்லு, அத்தை சொல்லு’ன்னு ஒவ்வொரு தடவையும் திருத்தினேன். மாத்த ரெண்டு மாசம் ஆச்சு.”

மெழுகு அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தியிருந்தாலும் சரி. பின்கட்டுக்குப் போய் சிட்டுவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “இனிமே இவ இந்தப் பக்கம் வர மாட்டா அண்ணி” என்றாள். நாத்தனார் ரொட்டித் தட்டோடு அப்படியே நின்றாள்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் சிட்டு பட்டறைக்கு வந்தாள். மெழுகின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு வீட்டுப்பாடம் எழுதினாள். முதல் வாரம் தினமும், “அத்தை வீட்டுக்கு எப்பம்மா?” என்றாள். இரண்டாவது வாரம் கேட்பதை நிறுத்திவிட்டாள். மெழுகின் கண்ணுக்கும் என்னவோ ஆகிவிட்டது. ஒரு செட்டில் வலது கோரைப்பல்லை இடது பக்கம் வைத்துவிட்டாள். முதலாளி அதை மேசையில் போட்டுவிட்டு, “இத மாட்டிக்கிட்டு அந்த மனுஷன் பின்னால திரும்பித்தான் சாப்பிடணும்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் பிள்ளை வெளியே இருந்தபோது கேட்டேவிட்டேன்.

“தூளக் குடுத்தவ நான். உம் புள்ள இன்னிக்குத் தண்ணி குடிக்க முடியாம தவிக்கிறது என்னாலதான். எங்கூடப் பேசுற, டீ குடிக்கிற. செத்துப்போக இருந்தவளக் காப்பாத்திக் குடுத்தவகூடப் பேச மாட்டேங்கற. என்னடி நியாயம் இது?”

“நீங்க தெரியாம செஞ்சீங்கக்கா. அவங்க தெரிஞ்சு செஞ்சாங்க.”

“உன் நல்லதுக்குத்தானே?”

“எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரியுது.” கத்தியிலிருந்த மெழுகைத் துணியில் துடைத்தாள். துடைத்த கத்தியை மறுபடி துடைத்தாள். “புள்ள பொழைக்குமா சாகுமான்னு பக்கத்துல உக்காந்திருக்கறது தாயோட வேலைக்கா. அந்த இருபத்து மூணு நாளும் எனக்குச் சேர வேண்டியது. தலையில ஊசியோட அவ படுத்துக் கிடந்தப்போ நான் மிட்டாய் பங்கு போட்டுக்கிட்டு இருந்தேன். அப்போ நான் சிரிச்ச சிரிப்ப நினைச்சாத்தான் என்னால தாங்க முடியல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளிடம் இருந்த ஒரே ஒரு வெள்ளிக்கிழமையும் போய்விட்டது, அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. இரண்டு புடவையைக் காரணமாக எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனேன். மனுஷி பாதியாக இளைத்திருந்தாள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு டாக்டர் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

“நான் உள்ள வர மாட்டேன்,” என்றாள். “வெளிய இருந்துட்டு, நல்லபடியா முடிஞ்சுதுன்னு தெரிஞ்சா போயிடுறேன்.”

அன்றைக்கு மழை விட்டிருந்தது. நாங்கள் போனபோது நாத்தனார் கிளினிக் படிக்கட்டின் கடைசிப் படியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிட்டு முன்னால் ஓடி மேலே போய்விட்டதால் பார்க்கவில்லை. மெழுகு பார்த்தாள். பார்த்துவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்திலேயே ஏறிப் போனாள்.

உள்ளே சிட்டுவை நாற்காலியில் சாய்த்தார்கள். நிறம் பார்க்கும் வேலையை டாக்டரம்மா மெழுகிடமே விட்டார். ஷேடு கைடைப் பிள்ளையின் பல்லோரம் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். எந்த வாயையும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறவளுக்கு அன்றைக்கு மூன்று தடவை பார்க்க வேண்டியிருந்தது. பிறகு ஒரு எண்ணைச் சொன்னாள். ஒரு கையில் பட்டையை வைத்துக்கொண்டு, மறுகையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா இங்கயே இருக்கேன்டா. பயப்படாத.”

சிட்டு தலையாட்டினாள். பூச்சு ஒட்ட வேண்டுமென்றால் பல் உலர்ந்திருக்க வேண்டும். “கொஞ்சம் கூசும்” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா குழாயிலிருந்து காற்றை ஊதினார்.

“அத்தே!”

அறையே அதிர்ந்தது. டாக்டரம்மா கையை எடுத்துவிட்டார். சிட்டு கண்ணை இறுக மூடிக்கொண்டு, அம்மாவின் விரல்களை நசுக்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு, “அத்தே... அத்தே...” என்று அழுதாள்.

மெழுகு அசையாமல் நின்றாள். கதவோரம் நின்ற எனக்கு அவள் முகம் நேராகத் தெரிந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம். பிறகு, சிட்டுவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தக் கையை மெதுவாக நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். என்னைத் தாண்டி வெளியே நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்றாள்.

“அண்ணி.”

நாத்தனார் பதறி எழுந்தாள். குடை கீழே விழுந்தது.

“உள்ள போங்க. உங்களத்தான் கூப்பிடுறா.”

“நீயும் வாம்மா.”

“நீங்க போங்க.”

நாத்தனார் படியேறி ஓடினாள். அவள் எழுந்த இடத்தில் மெழுகு உட்கார்ந்துகொண்டு முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன், தொடவில்லை. உள்ளே சிட்டுவின் அழுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுபோனது. அது நின்றது அவளுக்கும் கேட்டிருக்கும். அதற்கப்புறமும் வெகுநேரம் அவள் தலையைத் தூக்கவில்லை.